பிடிமண்

சண்டைக் காலத்தில் விமானம் இறக்க நிலம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் வந்தபோது செல்லியம்மாள் பாவாடை கட்டிய சிறுமி. பீர்க்கன்கரணைப் பக்கம் அவள் அப்பாவின் கழனி போயிற்று. கழனி மேட்டில் ஊர் கும்பிட்ட கன்னிமார் கற்கள் மேலேயே சிமெண்டைக் கொட்டினார்கள். சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், நிலம் மட்டும் வரவே இல்லை. அலைந்து அலைந்து அப்பாவுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

செல்லியம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினாள். ஆடி வந்தால் மட்டும் கூழ்ப்பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, புல் மண்டிய அந்த ஓடுபாதைக்குப் போய்விடுவாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குக் கற்கள் புதைந்த இடம் தெரியும். சிமெண்டில் மஞ்சள் பூசிக் கூழ் ஊற்றுவாள். யாரும் ஏனென்று கேட்டதில்லை.

எண்பத்தாறில் முள்கம்பி வந்தது, கேட் வந்தது, கூடவே ஒரு விமானப்படை அதிகாரியும் வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. ரோட்டோரம் கன்னிமாருக்குப் புதுக்கோயில் கட்டித் தருகிறேன், இனி யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். ஊர் ஆண்கள் பூரித்துப்போனார்கள். அவள் தம்பி துளசிங்கம் பந்தலுக்கே ஆள் சொல்லிவிட்டான்.

ஆடி வெள்ளியன்று கடைக்கால் பூஜைக்காக எல்லோரும் கேட்டருகே கூடினார்கள். செல்லியம்மாள் பானையை இறக்கிவைத்து, பிடிமண் எங்கே என்று கேட்டாள். சாமியை இடம் மாற்றினால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் வரவேண்டும்; இல்லாவிட்டால் கட்டுவது வெறும் சுவர். ஊரில் இது தெரியாதவர் இல்லை. கோயில் வருகிற குஷியில் அத்தனை பேரும் மறந்து தொலைத்திருந்தார்கள். துளசிங்கம் முகம் தொங்கிப்போய், வேலியோரத்தில் ஒரு பிடி எடுத்தால் ஆச்சு என்று முனகினான்.

“உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பக்கத்து வூட்டுப் பொண்ண மணையில ஒக்கார வெப்பியாடா?”

அதிகாரி என்ன தகராறு என்று விசாரித்தார்.

“ஒரு பிடி மண்ணு வோணும் சார். சிமெண்ட ஒடச்சிக் குடுங்க. கன்னிமாருங்கள நாங்களே கூட்டிகினு போயிடறோம்.”

ஓடுபாதையில் கைவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, டெல்லி ஒருநாளும் சம்மதிக்காது என்றார் அவர்.

செல்லியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

“அப்ப அவங்க உள்ளதான் சார் கீறாங்க. எங்கப்பன் கேட்டுக் கேட்டே செத்தான். நான் கேக்க வர்ல. கேட்டத் தொற.”

கேட்டைத் திறக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. அதிகாரி காவலாளியிடம் தலையசைத்தார். பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, ஊரே அவள் அப்பாவின் கழனிக்குள் நுழைந்தது.