பக்கத்து சீட்டுக் கதவின் கைப்பிடி

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஏன் நின்றது என்று தெரியாமல் வீடு திரும்பினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் எழுதுவது இது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நேரங்கள் எல்லாம் என் வேலைக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கே எழுதி வைத்தவை. காரணம் தெரிந்திருந்தால் இதை இப்படி எழுதியிருக்கமாட்டேன். நாலு வரி ரிப்போர்ட்டோடு முடித்திருப்பேன்.

சிறு வயதில் எனக்கும் தங்கைக்கும் ஒரே அறை. சுவரில் ஒரு இத்தாலியக் காரின் படம் ஒட்டியிருந்தோம். இரண்டே கதவு, கருஞ்சிவப்பு. "என் கல்யாணத்துக்கு நான் இதுலதான் போவேன், நீதான் ஓட்டணும்" என்று ஏழு வயதில் என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவள் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் அதே மாடல், அதே நிறம், விற்பனைக்கு வந்தது. விடுவேனா?

இந்த மாதிரிக் கார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது, இருபத்தைந்து வயதான இத்தாலியக் கார் என்றால் ஊரே கையெடுத்துக் கும்பிட்டு விலகிப் போகும். மின்சாரக் கோளாறு, பெல்ட் கோளாறு, உதிரிப் பாகம் கிடைக்காது. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் அந்த நேரத்தில்தான் வாங்குவோம். இன்றைக்கு இது பழைய கார். இன்னும் பத்து வருடம் கெடாமல் காப்பாற்றினால் இதுவே கிளாசிக். அதற்கு ஒரே விதி, ஒரிஜினலாக வந்த எதையும் தூக்கிப் போடக் கூடாது. கழற்றிய திருகானாலும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். என் அலமாரியில் அப்படி நாற்பது டப்பாக்கள் இருக்கின்றன.

விற்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். கார் அவருடைய கொட்டகையில் ஏழு வருடம் பூட்டிக் கிடந்திருக்கிறது. யார் ஓட்டியது என்று கேட்டேன். "வீட்ல" என்றார். அவ்வளவுதான். சாவியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினார். பேசி முடிக்கும் வரை காருக்குப் பத்தடி தள்ளியே நின்றார். முடிந்ததும் குழாயடிக்குப் போய் சோப்பு போட்டு முழங்கை வரை கை கழுவினார்.

காரை அவர் தொடவே இல்லை.

எஞ்சினும் பெல்ட்டும் பத்து நாளில் தயாராகிவிட்டன. மிச்சம் இருந்தது உள்பக்கம். அதைத் தங்கையிடம் காட்டியது திங்கட்கிழமை மாலை. எங்கள் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கில், பதினான்காம் எண் இடத்தில் கார் நின்றது. உள்ளே கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் கருப்பாக நூல் நீண்டது.

"அண்ணா, இது காரா, பாகு காய்ச்சின சட்டியா?"

"அது ரப்பர் பூச்சு. தொட்டா மெத்துன்னு இருக்கணும்னு பிளாஸ்டிக் மேல பூசியிருக்காங்க. வயசானா இளகிடும்."

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பதிவு ஆபீஸ். என் புடவை வெளிர் மஞ்சள். சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள துடைச்சிடுவேன்."

"துடைக்கலேன்னா நான் ஆட்டோல போயிடுவேன். நீ இதுக்குத் தாலி கட்டிக்க."

உண்மையில் அது அழுக்கே அல்ல. மணி கோத்த மாலையைப் போல நீளமான சங்கிலிகளால் ஆனது அந்தப் பூச்சு. காற்றிலிருக்கும் ஈரம் வருடக்கணக்கில் அந்த நூலை அங்கங்கே அறுத்துவிடும். மணிகள் உதிரும், கெட்டியானது கூழாகும். சுத்தமான ஆல்கஹாலில் துணியை நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, ஒரே திசையில் வழித்தெடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும், அடியிலிருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் புதிதாக வந்துவிடும். இதைவிட ஆனந்தமான வேலை எனக்குத் தெரியாது.

அன்றைக்கே தொடங்கினேன். காற்றுத் துவாரங்கள், கண்ணாடி சுவிட்சுகள், நடுப்பெட்டி. எட்டு மணிக்குள் முக்கால்வாசி முடிந்தது.

கடைசியில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட். அந்தக் கதவின் உள்கைப்பிடி.

அங்கேதான் கூழ் கெட்டியாக இருந்தது. மற்ற இடங்களில் தாள் கனம், இங்கே விரல் கனம். நிறமும் முழுக் கருப்பில்லை, பழுப்பு ஓடிய கருப்பு. ஊறிய துணியைப் பெட்டியில் பூட்டி வைத்த நாற்றம். நடுவே இரண்டு நீள முடி, பொடிப்பொடியாகக் கெட்டிச் சில்லுகள். பெயின்ட் உரிந்தது என்று நினைத்தேன். மேற்பரப்பில் நான்கு வரிகள், மேலிருந்து கீழே, விரலால் இழுத்ததைப் போல.

கடைசியாக உட்கார்ந்தவர் பிடித்த அடையாளம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடி காய்ந்து சுத்தமாக இருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கொட்டகையில் அந்தப் பக்கம் ஈரம் குறைவாக இருந்திருக்கும்.

வழித்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரிஜினல் அல்லவா? ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, 'கதவுக் கைப்பிடி, பக்கத்து சீட், பழைய பூச்சு' என்று எழுதி ஒட்டினேன். ஒட்டும் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தபோது கையிலிருந்தது உதட்டில் பட்டுவிட்டது. துப்பினேன். லேசாக இனித்தது. பூச்சில் கலக்கும் எண்ணெய் ஏதாவது இனிக்கும்போல.

செவ்வாய், மாலை 6.50. காரைத் திறந்தேன். நேற்றுத் துடைத்தவை எல்லாம் பளிச்சென்று இருந்தன.

கைப்பிடியில் கூழ்.

அதே கனம், அதே நாற்றம், அதே நான்கு வரிகள்.

உள்ளே ஊறியிருந்தது கசிந்திருக்கலாம். மறுபடி வழித்தேன். இந்த முறை நகக்கண்ணில் புகுந்துவிட்டது. வீட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் அந்த நாற்றம். ஸ்பூனால் சாப்பிட்டேன். ஸ்பூனிலும் அதே வாடை.

புதன், 7.05. மறுபடியும் கூழ். ஆல்கஹாலுக்கு மசியவில்லை, கதவைப் பிரித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது, அதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. கார்க் கதவு எளிமையான ஏற்பாடு. உள்கைப்பிடியை இழுத்தால் பின்னாலிருக்கும் கம்பி பூட்டின் கொக்கியை இழுக்கும், பூட்டு விடும். பழைய கார்களில் கம்பி நீண்டு தளர்ந்துவிடும். அல்லது அறுந்துவிடும்.

மூன்று திருகு, ஒன்பது கிளிப். பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

கம்பி நீளவில்லை, அறுந்தும் போகவில்லை. அதன் நுனியைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஓரமாக வளைத்து, செப்புக் கம்பியால் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். மூன்று சுற்று. முறுக்கிய முனையைக் கை கிழிக்காதபடி உள்ளே மடித்திருந்தார்கள். நிதானமாகச் செய்த வேலை.

ஏதோ மெக்கானிக், சத்தம் வருகிறதென்று கட்டியிருப்பான். அப்படித்தான் நினைத்தேன். செப்புக் கம்பியை வெட்டாமல் பிரித்து, மேலே வீட்டுக்குக் கொண்டுபோய் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினேன். இறங்கி வந்து கைப்பிடியின் கம்பியைக் கொக்கியில் மாட்டினேன். பலகையை மூடினேன். உள்ளே உட்கார்ந்து பத்து முறை திறந்து பார்த்தேன். பத்து முறையும் திறந்தது.

காரைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். மணி 8.20.

டக்... டக்... டக்.

நின்றேன். பிளாஸ்டிக் குளிர்ந்தால் சுருங்கும், சத்தம் வரும். தெரிந்த விஷயம்தான்.

டக்... டக்... டக்.

ஆனால் பிளாஸ்டிக் மூன்று மூன்றாகக் குளிராது.

கைப்பிடியை இழுத்து விடும் சத்தம் அது. ஒரு நிமிடம் முன்னால் நானே பத்து முறை கேட்ட சத்தம்.

டார்ச்சைக் கண்ணாடியில் அடித்தேன். சீட் காலி. கைப்பிடி அசையவில்லை.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது... பக்கத்து சீட்டுக்கு நேராக மட்டும்.

வியாழன் அன்று கைப்பிடி காய்ந்திருந்தது. ஒரு பொட்டுக் கூழ் இல்லை. கம்பி சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியது. தங்கை வந்து வெள்ளைக் கைக்குட்டையால் சீட்டை, கதவை, கைப்பிடியைத் தேய்த்துப் பார்த்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"பரவால்லையே. ஆட்டோக்காரர்கிட்ட வரவேண்டாம்னு சொல்லிடவா?"

புதன்கிழமைச் சத்தத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழு வயது முகம்.

"சொல்லிடு" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வெள்ளி, காலை 9.48. நல்ல வெயில். மாப்பிள்ளை வீட்டார் நேராக அலுவலகம் போய்விட்டார்கள். காரில் நாங்கள் இருவர் மட்டும். இருபது நிமிட ஓட்டம். எஞ்சின் பாடிக்கொண்டு வந்தது. முதல் ஐந்து நிமிடம் தங்கை நிறுத்தாமல் பேசினாள். தலைமுடி கலைகிறது, மாப்பிள்ளை தூங்கி வழிவார், நான் பிரேக் போடும் அழகு.

பிறகு பேச்சு நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஏதோ நாத்தம் வருது."

எனக்கும் வந்தது. ஊறிய துணி... லேசான இனிப்பு.

"கண்ணாடிய இறக்கு."

"இறங்கல."

10.08. அலுவலக வாசல். வண்டியை நிறுத்தினேன்.

"அண்ணா, கதவு திறக்கல."

"நல்லா இழு."

"இழுக்கறேன்."

டக்... டக்... டக்.

"அண்ணா. நீ வெளியே வந்து திற."

சொன்ன விதம் சரியில்லை. சின்னக் குரல். நான் ஓடிச் சுற்றி வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

வெளியிலிருந்து ஒரே இழுப்பில் கதவு திறந்தது.

"கைய எடுக்க முடியல" என்றாள். "யாரோ மேல வச்சு அமுக்கறாங்க."

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கை வந்தது. கூடவே கருப்பு நூல்.

உள்ளங்கையில் கூழ். அது கைப்பிடியைப் பிடித்ததால் வந்தது. அதற்குக் காரணம் சொல்லலாம்.

புறங்கையில் நான்கு கோடுகள்.

விரல் கனம். விரல் நீளம்.

அவள் விரல்களைவிட நீளம்.

கல்யாணம் நடந்தது. கழிவறையில் இருமுறை வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். புறங்கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. மாப்பிள்ளையிடம் "கிரீஸ்" என்றாள். திரும்பும்போது ஆட்டோவில் போனார்கள்.

நான் காரைத் தனியாக ஓட்டி வந்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. 1.30க்குக் கதவுப் பலகையைக் கழற்றினேன். மூன்று திருகு, ஒன்பது கிளிப். எல்லாம் நான் போட்டது போட்டபடி இருந்தன.

உள்ளே கம்பியின் நுனி சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. செப்புக் கம்பி. மூன்று சுற்று. முனை உள்ளே மடித்து.

மேலே ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். பெயர் எழுதிய டப்பா மூடியபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் புட்டியை எடுத்துக்கொண்டு கார் சீட் தைக்கும் ஒருவரிடம் போனேன். இந்த மாடலில் மட்டும் இருபது கார்களுக்கு உள்வேலை செய்தவர் அவர். நடந்ததைச் சொல்லவில்லை. பூச்சு திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன்.

"எந்த இடத்துல தம்பி?"

"கதவோட உள்கைப்பிடில, அண்ணே."

சிரித்தார். ஒரு பெட்டியைத் திறந்து, பழைய காரிலிருந்து எடுத்த கைப்பிடி ஒன்றைக் கையில் கொடுத்தார். காய்ந்த, சொரசொரப்பான, கெட்டிப் பிளாஸ்டிக்.

"டாஷ்போர்டுல பூச்சு உண்டு, சுவிட்சுல உண்டு. கைப்பிடில கிடையாது. இந்த மாடல்ல எந்த வருஷமும் பூசினது இல்ல. அதுல இளகறதுக்கு என்ன இருக்கு? நீங்க எதத் துடைச்சீங்க?"

புட்டியை நீட்டினேன். மூடியைத் திறந்தார், மோந்தார். சிரிப்பு போய்விட்டது. ஒரு குச்சியால் அந்தச் சில்லுகளை எடுத்து வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாக வைத்தார். பெயின்ட் தட்டையாக உரியும். இவை வளைந்திருந்தன. பிறை மாதிரி.

"இது பெயின்ட் இல்ல தம்பி" என்றார். "நகம்."

எழுந்து போய்க் கை கழுவினார். சோப்பு போட்டு, முழங்கை வரை.

விற்றவரின் எண்ணில் இப்போது யாரும் எடுப்பதில்லை. நேரில் போனேன். கொட்டகையை இடித்துத் தரை போட்டிருந்தார்கள். என் கார் பதினான்காம் எண்ணில் போர்த்தியபடி நிற்கிறது. இன்னொருவருக்கு விற்க மனம் வரவில்லை. தங்கை இப்போது எந்த வண்டியில் ஏறினாலும், உட்காரும் முன் உள்கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாள். அவள் கையில் கோடுகள் போய்விட்டன.

எனக்குத்தான் போகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை பல் துலக்குகிறேன். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை நாடாவைக் கடித்தபோது பட்ட இனிப்பு... இன்னும் நாக்கில் இருக்கிறது.