அழிந்த உலகில் குடியேற ஒரு கிழமைப் பயிற்சி

கேம்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். கலியாணம் முடித்த பிறகு கடை திறந்ததால் நான் தப்பினேன்.

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் எட்டுக் கொம்பியூட்டர்களோடு ஒரு கடை. சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளுக்கு வந்த கூட்டமெல்லாம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு விளையாட்டு. அதில் உலகம் அழிந்து முடிந்திருக்கும். உங்களிடம் பன்னிரண்டு பேர், கொஞ்சம் பலகை, ஒரு வெறுங்காணி. அதை வைத்து ஓர் ஊரைக் கட்ட வேண்டும். துவக்குச் சத்தம் இல்லாததால் பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். "அழிந்த உலகில் குடியேறுவது எப்படி? ஒரு கிழமைப் பயிற்சி" என்று கையால் எழுதி வாசலில் ஒட்டினேன். நீங்கள் சிரிப்பீர்கள். கடை திறந்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் யாராவது உங்களில் இருந்தால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் மனைவி சுமதியும் சிரிக்கவில்லை. கனடாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் எங்களுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் விண்ணப்பப் பத்திரங்களை அனுப்பியிருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை. சண்டை பிடித்துக் களைத்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். தைப்பொங்கலன்று கடைக்குத் தவறாமல் வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் இங்கேயே இருப்பது. ஒருவர் குறைந்தாலும் நான் கையெழுத்துப் போடுவது. அப்போது வைகாசி மாதம். பதின்மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பயமே இருக்கவில்லை.

முதலில் தண்ணீர்

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், இருக்கிற பலகையில் பாதியைக் கிணற்றுக்கு ஒதுக்குங்கள் என்பது. கந்தசாமி ஐயா காணிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு இருந்த பலகை முழுவதையும் எடுத்து நான்கு பக்கமும் வேலி அடைத்தார். வாசலுக்குப் படலையும் போட்டார். கிணறு வெட்ட ஒரு துண்டுப் பலகை மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் அவருடைய ஆட்கள் நல்ல வேலிக்குள் ஒருவர் பின் ஒருவராகத் தாகத்தில் செத்தார்கள்.

மூன்று தரம் புதிதாகத் தொடங்கினார். மூன்று தரமும் வேலிதான். "ஐயா, அயலில் ஒரு குருவிகூட இல்லை. ஆருக்குப் பயந்து அடைக்கிறியள்?" என்று கேட்டேன். கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. போகும்போது சொன்னது இது:

"உலகம் அழிஞ்சாலும் காணி உறுதி அழியாது தம்பி. நாளைக்கு ஒருத்தன் வந்து அரை முழம் உள்ளுக்குத் தள்ளி வேலிக் கதியால் நட்டால், நீர் வந்து சாட்சி சொல்லுவீரோ?"

வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள்

ரஞ்சினி ரீச்சர் கிணற்றை ஒழுங்காக வெட்டினார். தோட்டமும் போட்டார். நான் பெருமைப்பட்டேன். ஆனால் அவருடைய ஊரில் சனம் வெளியில் படுத்துக் காய்ச்சலில் கிடந்தது. எட்டிப் பார்த்தால், இருக்கிறதுக்குள் பெரிய வீடுகள் ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. விளையாட்டில் வீட்டுக்குப் பெயர் வைக்கலாம். ஒன்றுக்குச் "சின்னத்தம்பி, லண்டன்" என்று எழுதியிருந்தார். மற்றது "அக்கா, பாரிஸ்." கூட்டித் துடைக்கவென்று அந்த ஐந்து வீட்டுக்கும் ஓர் ஆளை வேறு நியமித்திருந்தார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. நிஜத்திலும் அவர் ஒரு நாடாவில் சாவிகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் திரிவார். பின்னேரங்களில், வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரரின் மூன்று வீடுகளுக்குப் போய் விளக்கேற்றிவிட்டுத்தான் என் கடைக்கு வருவார். "அவை வருவினமோ ரீச்சர்?" என்று கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வரமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும். வேறை ஆக்களை இருத்தினால், வரமாட்டினம் எண்டு நானே சொன்னது மாதிரியெல்லோ போயிடும்."

வந்தவர்களைச் சேருங்கள்

ஐந்தாம் நாளளவில் படலைக்கு வெளியே அந்நியர்கள் சிலர் வந்து நிற்பார்கள். யோசிக்காமல் உள்ளே எடுங்கள், ஆள்பலம் இல்லாமல் ஊர் இல்லை என்பது என் பாடம். வங்கியில் வேலை செய்யும் கோபி, படித்த பிள்ளை, உடனே எடுத்தார். பிறகு மேற்கு எல்லையில், வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். இருந்த கிணற்றில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கோபி, உதுகள் பொம்மையள். ஊரும் தெரியாது, சாதி பகுதியும் தெரியாது" என்றேன். அவர் நல்லாக நொந்துபோனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே கதிரையோடு வெளியில் தூக்கி வைத்திருப்பேன். ஆனால் கந்தசாமி ஐயா போன பிறகு பன்னிரண்டு பேர்தான் மிச்சம், கோபி அதில் ஒருவர். வாயை மூடிக்கொண்டு அந்த இரண்டாவது கிணற்றை எங்கே வெட்டினால் செலவு குறையும் என்றும் காட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்ன விளக்கம் இது:

"நான் உதுகள் பாக்கிற ஆள் இல்லை அண்ணை. மற்றச் சனம் ஒத்துக்கொள்ளாது."

குளிருக்கு முன் கல்வீடு

தொண்டைமானாற்றில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற சந்திரனைப் போல ஓர் ஆட்டக்காரரை நான் கண்டதில்லை. விதையை மிச்சம் பிடிப்பார், நோயாளியைத் தனியாக வைப்பார், ஒருவரையும் சாக விடமாட்டார். ஆனால் கூடாரத்தை விட்டு மாறமாட்டார். கல் மலைபோலக் குவிந்து கிடக்கும். கல்வீடு கட்டாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்று தலையால் தண்ணி குடித்துச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் பனிக்காலம் தொடங்கியதும் எல்லோரையும் மூட்டை கட்டவைத்து வேறு காணிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் சின்ன வயதில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. நானும் அதே ரோட்டால் நடந்தவன்தான், எண்ணவில்லை. "ஒருக்காக் கட்டிப் பாருங்கோவன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர்:

"கூடாரம் எண்டால் சுருட்டிக்கொண்டு ஓடலாம் அண்ணை. கல்வீட்டைத் திரும்பிப் பாத்துப் பாத்தெல்லோ ஓடவேணும்."

நம்பிக்கைக் கோடு

திரையின் மேல் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். சனத்தின் நம்பிக்கை அது. குறைந்து சிவப்பானால் ஆட்கள் ஒருவர் ஒருவராகப் படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள். கார்த்திகை மழையோடு என் கடையிலும் அதுதான் நடந்தது. பிரான்ஸுக்கு ஒருவர், கொழும்புக்கு ஒருவர் என்று போக, பத்துப் பேர் சரியாக நின்றார்கள். நான் அந்தப் பத்துப் பேருக்கும் தேத்தண்ணி சும்மா கொடுத்தேன். மார்கழி முதல் கிழமை கோபி லட்டுப் பெட்டியோடு வந்தார். அவுஸ்திரேலியாவுக்கு விசா கிடைத்துவிட்டதாம். லட்டை வாயில் போட்டுக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன், ஒன்பது பேர். கோபி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்களாவது இஞ்சை நிக்கிறது பெரிய சந்தோசம் அண்ணை. நாங்கள் ஊருக்கு வாறபோது வந்து பாக்க ஆக்கள் வேணுமெல்லோ."

பத்தாவது ஆள்

அடுத்த கிழமை சுமதி மூன்றாம் இலக்கக் கொம்பியூட்டரில் வந்து இருந்தாள். விளையாட்டை அதற்கு முன் அவள் தொட்டதே இல்லை. முதலில் கிணறு வெட்டினாள். வந்தவர்களைக் கேள்வி கேட்காமல் எடுத்தாள். எல்லோருக்கும் அதே கிணறு. ஒரு வீடும் பூட்டிக் கிடக்கவில்லை. குளிருக்கு முன் கல்வீடு எழும்பியது. நான்கு நாளில் அறுபது பேர், பச்சைக் கோடு முழுசாக. என்னிடம் வந்த எவரும் அப்படிக் கட்டவில்லை. நானும் கட்டியதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "நாளாந்தம் வாரும். உம்மோடை பத்துப் பேர். கணக்குச் சரி" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு எழும்பி, விண்ணப்பப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தும் நான் பேனையை எடுத்தேன். அவள் சொன்னது இது:

"கட்டத் தெரியாமல் நான் போவம் எண்டு கேக்கேல்லை. கட்டினாப் பிறகு உதுக்குள்ளை ஆர் இருக்கப்போகினம் எண்டுதான் கேக்கிறன்."

தோற்றால் முதலிலிருந்து தொடங்கலாம் என்று எல்லோருக்கும் வாய் நோகச் சொல்லிக்கொடுத்த நான், நாற்பத்து நான்கு வயதில், பனிக்கு நடுவில், மச்சானுடைய வீட்டு நிலக்கீழ் அறையில் அதைச் செய்துகாட்டப் போகிறேன்.