மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிதம்பரத்தில் என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்துக்குத் துணையாகக் கைபேசியில் ஒரு ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். சிறையிலோ நீதிமன்றத்திலோ நடக்கும் அநியாயம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதக்கூடிய அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு ஒரு பக்கத் தாளைக் கொடுத்து வர வேண்டும். நான்காவது நிமிடத்தில் அதிகாரி போனை எடுத்துவிடுவார். அழுகை, வருணனை, 'ஐயா தயவுசெய்து' எதுவும் கூடாது. மூன்று நிமிடம் தாண்டினால் நடுவாக்கியத்திலேயே உட்காரச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'டைம் கீப்பர்' என்றார்கள். காதில் விழுந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்களின் விஷயம். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிடுவார். ஆனால் சொந்த வீடோ நிலமோ உள்ள இரண்டு பேர் ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி இரண்டு பேர் ஏழைக்கு எங்கே கிடைப்பார்கள்?

எங்களுக்குக் கிடைத்த உதாரணம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கருவாடு விற்கும் ஒரு அம்மா. கணவர் இல்லை, ஒரே மகன். வலைத் தகராறில் நடந்த கைகலப்பில் அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஜாமீன் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. உறவுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பட்டா இல்லை, மீதிப் பேருக்குத் தைரியம் இல்லை. வாரம் ஒருமுறை அந்த அம்மா சிறையில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு மூச்சிரைப்பு வேறு. எங்கள் வகுப்புக்கு மாடி ஏறி வரும்போது மூன்று இடத்தில் நின்று நின்றுதான் வந்தார்.

முதல் நாள் இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். மகன் பிறந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தது, முதல் தடவை கடலுக்குப் போனது என்று என்னென்னவோ. "எம்மவன் மீனே துன்னமாட்டான் டீச்சரம்மா. புடிச்சாந்து குடுப்பான், கொழம்பு வச்சா மூக்கப் புடிச்சிக்குவான். தொரைக்கு முட்டைதான் வேணும்" என்றபோது வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். கடைசியில் சொன்னார்: "நான் உசுரோட இருக்கசொல்லவே அவன் வந்துட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

யாரும் பதிவு செய்யக் கூடாது, தாள் தயாரானதும் குறிப்புகளைக் கிழித்துவிட வேண்டும் என்பது என் விதி. பேசுகிறவரின் ரகசியத்தைக் காப்பாற்ற வைத்த விதி அது.

காடாம்புலியூரிலிருந்து வந்த மாணவி ஒருத்திதான் பேசுவதாக ஏற்பாடு. வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள். முதல் ஒத்திகையில் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "அவன் மீன் சாப்பிட்டா என்ன, கோழி சாப்பிட்டா என்ன? கலெக்டர் ஆபீஸ்ல மெனு கேக்கப்போறாங்களா?" மீன் போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. முதல் கடல் போயிற்று. அடுத்த வாரம் ஆறு நிமிடம். அதற்கடுத்த வாரம் மூன்றுக்குள் வந்துவிட்டது. அந்த ஒத்திகையின்போது அந்த அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "நல்லாத்தான் பேசுது பொண்ணு. யாரப் பத்தின்னுதான் தெரியல" என்றார். கேலியா குறையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு மாணவி என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், எங்கப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருக்கு. பட்டா அவரு பேர்லதான். எங்க மாமாவுக்கும் நெலம் இருக்கு. ரெண்டு பேரையும் ஜாமீன்தாரரா நிக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாம வக்கீலும் இல்ல, தர்ம சத்திரமும் இல்ல. ஒருத்தனுக்கு ஜாமீன்தாரர் புடிச்சா ஒருத்தன்தான் வெளிய வருவான். விதியை மாத்தினா எல்லாரும் வருவாங்க. கேஸுக்குள்ள கைய வச்சா நம்ம பேச்சை எவனும் மதிக்கமாட்டான்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் வெளியே வந்துவிட்டால் எங்கள் தாளில் இருந்த 'இன்றும் சிறையில் இருக்கிறார்' என்ற வரி செத்துவிடும். அதிகாரியைச் சந்திக்கும் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஐந்து மாதம் இருந்தவன் இன்னும் மூன்று வாரம் இருக்கட்டுமே என்று நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் கூட்டம் நன்றாக நடந்தது. மாணவி இரண்டு நிமிடம் ஐம்பது வினாடியில் முடித்தாள். அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார், மேலே அனுப்புவதாகச் சொன்னார். வெளியே வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா எதிரே மைதானத்து ஓரத்தில் மரத்தடியில் காத்திருந்தார்.

"எப்போ வருவான் டீச்சரம்மா?"

"விதி மாறணும்மா. மாறினா எல்லாருக்கும் நல்லது."

"எல்லாரும் வரட்டும். எம்மவன் எப்போ வருவான்?"

அவருக்கென்று வாங்கிய டீயைக் கொடுத்தேன். சூடாக இருக்கிறது என்று கீழே வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே வந்து மகன் கொள்ளி வைத்தான். சடங்கு முடிந்த கையோடு கூட்டிப் போய்விட்டார்கள். நான் தூரத்தில் நின்றேன். கிட்டே போக எனக்கு முகம் இல்லை.

அந்த வாரமே மாணவி என்னைக் கேட்காமல் அப்பாவையும் மாமாவையும் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டே நாளில் அவன் வெளியே வந்தான். இரண்டே நாள்!

படிப்பு முடிந்து அந்த வருடத்துப் பிள்ளைகள் போன பிறகு, ஒரு மத்தியானம் அவன் கல்லூரிக்கு வந்தான். ஒல்லியான ஆள், துவைத்த சட்டை. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்துவிட்டான்.

"மனுல பாக்கசொல்ல ஒரே கூச்சலா இருக்கும் டீச்சர். கம்பிக்கு அந்தாண்ட அம்மா வாயி அசையறதுதான் தெரியும், ஒண்ணும் காதுல வுழாது. இங்க வந்து ரொம்ப நேரம் என்னைப் பத்திப் பேசினாங்களாமே? அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. உங்களாண்ட கேக்கச் சொல்லுச்சு."

அவள் ஏன் என்னிடம் அனுப்பினாள் என்று எனக்குப் புரிந்தது: வெட்டியவள் நான். அலமாரியைத் திறந்து, குறிப்புகளைக் கிழித்த பின் மிஞ்சிய அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல எங்கம்மா பேசினது எதுங்க?"

நான் நினைவைத் துழாவினேன். இருபது நிமிடத்தில் அவர் சொன்னபடியே மனதில் நின்றது இரண்டுதான். கடைசியில் கேட்டதை இவனிடம் சொல்ல முடியாது; மற்றது திட்டி வெட்டியதால் நின்றது. "நீ மீனே சாப்பிடமாட்டியாம். முட்டைதான் வேணுமாம். துரைன்னு சொன்னாங்க" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆசையோடு என்னைப் பார்த்தான்.

"வேற?" என்றான்.