பால்பல்லில் துரு எடுத்தவன்

கார் பட்டறையில் அவனுக்கு உப்புத்தாள் என்றுதான் பெயர். பெயின்ட் அடிப்பதற்கு முன் வண்டியில் ஏறிய துருவைத் தேய்த்தெடுப்பது அவன் வேலை. கைக்கும் அந்தப் பெயர் பொருந்தும், வாய்க்கும் பொருந்தும். டீ ஆறிப்போனால் கோபம், மழை பெய்தால் கோபம், பெய்யாவிட்டால் புழுங்குகிறதே என்று அதற்கும் கோபம். அப்பேர்ப்பட்டவன் கையில்தான் நாலு வயது மகளின் பல் மாட்டியது.

மனைவிக்கு விடியற்காலை ஷிப்டு. அதனால் குழந்தைக்குப் பல் விளக்கிவிடுவது அவன் தலையில் விழுந்தது. முன்பல்லில் பழுப்பாக ஒரு திட்டு. பார்த்த மாத்திரத்தில் கை பரபரத்தது. பழுப்பு என்றால் அவனுக்குத் துரு, துரு என்றால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெத்தென்ற பிரஷை சோப்ளாங்கி என்று ஓரம்கட்டிவிட்டு, கடையில் இருப்பதிலேயே முரடானதாகப் பார்த்து வாங்கி வந்தான். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஒரே இழுப்பு. குழந்தை வீறிட்டால், "அழுவாத, வாயைத் தொற" என்று அதற்கு மேல் கத்துவான். திட்டு போகவில்லை, ஈறுதான் கிழிந்தது.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, அது அழுக்கில்லை, சொத்தை என்றார். அடைத்துவிடலாம், ஆனால் குழந்தை வாயைத் திறந்தால்தானே? பிரஷைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறது. பட்டாணி அளவு பேஸ்ட், மெத்தென்ற பிரஷ், சின்னச் சின்ன வட்டம் போதும். முதலில் பயத்தைப் போக்குங்கள், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். இவருக்கென்ன தெரியும் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தவனை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கடைசிப் பெயின்ட் அடிச்சதும் தண்ணி தொட்டுப் பூ மாதிரி தேய்க்கிறீங்கல்ல? ஊரான் வண்டி மேல இருக்கிற அக்கறை பெத்த பொண்ணு மேல இல்லையா?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலை மெத்தென்ற பிரஷோடு மகள் முன்னால் குந்தினான். உதடு பூட்டிக்கொண்டது. கோபம் மண்டைக்கு ஏறியது. தாடைக்குப் போன கையைக் கஷ்டப்பட்டு அடக்கி, இன்றைக்கு நீ அப்பாவுக்கு விளக்கிவிடு என்று தன் வாயைத் திறந்து காட்டினான்.

குழந்தை மெத்தென்ற பிரஷைத் தொடவேயில்லை. அலமாரியிலிருந்து அந்த முரட்டு பிரஷைத் தேடி எடுத்தது. ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக இழுத்தது. சுரீரென்றது. தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"அழுவாத," என்றது குழந்தை, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "வாயைத் தொற."

அவன் குரல், அவன் முகம், இம்மி பிசகவில்லை. ஊர் மேலெல்லாம் கோபப்பட்டுப் பழகியவனுக்கு, தன் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. வாயைத் திறந்தான். குழந்தை தேய்த்து முடிக்கும்வரை மூடவில்லை.

துப்பியது சிவப்பாக இருந்தது. குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"எனக்கும் தெனம் வரும்பா."