அத்திம்பேரின் துளசி அறை

வடாம் பிழியும் நாட்களில் அக்கா அந்தக் கருவியைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி. காற்றில் ஈரம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். எண் ஏறியிருந்தால் அன்றைக்கு வடாம் கிடையாது, அவ்வளவுதான். அக்காவின் கணவர், அதாவது என் அத்திம்பேர், இதைக் கனடாவிலிருந்து கைப்பையிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அவர் வாழ்நாளில் அக்காவின் முகத்தைவிட இதன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார். இப்போது அது வடாத்துக்குக் காவல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்னதாக ஒரு திருப்தி. அதை மறைப்பானேன்?

கனடாவில் அவர் செய்த வேலை சட்டத்துக்கு உட்பட்டதுதான். அங்கே கஞ்சாவை அரசாங்க அனுமதியோடு பெரிய கட்டிடங்களுக்குள் வளர்க்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனியில் காற்றையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் இவரும் ஒருவர். ஸ்ரீரங்கத்து உறவுக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது? "மூலிகை ஆராய்ச்சி" என்று சொல்லிவைத்தார்கள். வேலை போய்த் திரும்பி வந்த மனுஷர், ஆராய்ச்சி முடித்து வந்த விஞ்ஞானியாகிவிட்டார். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கரியமில வாயுதான் பேச்சு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது ரொம்பக் குறைச்சலாம், அதனால் உலகத்துச் செடியெல்லாம் அரைப்பட்டினியில் வளர்கிறதாம், மூடிய அறையில் அதைக் கூட்டிக் கொடுத்தால் தளதளவென்று வருமாம். இளஞ்செடிக்கு ஈரம் வேண்டும், பூ வரும்போது ஈரம் ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும் என்று ரசம் ஊற்றும்போதும் நிறுத்தமாட்டார். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் ஊர் செடி வளர்க்கவே லாயக்கில்லை என்பது அவருடைய தீர்ப்பு. அந்த ஊரில் எத்தனை தலைமுறையாக நந்தவனம் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

சித்திரை வீதி வீட்டின் பின்கட்டு அறையை அவர் அடைத்த கதையைத் தெருவே மெச்சியது. ஜன்னலுக்குத் தெர்மோகோல், அதன்மேல் வெள்ளிக் காகிதம், கதவிடுக்கில் ரப்பர் பட்டை. உள்ளே ஏசி, ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின், ஊதா வெளிச்சம், சோடா கம்பெனிக்குப் போகிற மாதிரி ஒரு கரியமில வாயு சிலிண்டர். எதற்கு என்று கேட்டவர்களிடம், பெருமாளுக்குத் துளசி கைங்கர்யம், நவீன முறையில், என்றார். முன்வரிசையில் நிஜமாகவே துளசித் தொட்டிகள் இருந்தன. காலையில் நாலு வீட்டுக்குப் பூக்குடலையில் கொடுத்தனுப்புவார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பின்னால் தொங்கிய திரைக்கு அப்பால் இருப்பது இமயமலைத் துளசி, கைபட்டால் வாடிவிடும், யாரும் போகக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். வாடைகூட இமயமலை வாடைதானாம். அவர் பீற்றல்காரர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பீற்றலுக்குப் பின்னால் ஒரு திருட்டுத்தனமும் இருக்கும் என்று தோன்றவில்லை. அவ்வளவு சாமர்த்தியம் அவருக்கு உண்டு என்று நான் மதித்ததில்லை.

பொய் சொல்கிறவன் அதன் நீள அகலத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். துளசி என்றால் எங்கள் வீடுகளில் செடி இல்லை, தாயார். அந்தி வேளையில் துளசிக்கு விளக்கேற்றாமல் அக்கா காபிகூடக் குடிக்கமாட்டாள். துளசி இருக்கும் அறைக்குள் விளக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? சொன்னால் கைங்கர்யம் பொய்யாகிவிடும். ஆகவே விட்டுவிட்டார். அக்காவும் தினமும் சாயங்காலம் உள்ளே போய்த் தொட்டியடியில், தரையில், அகல் ஏற்றிவைத்துத் திருப்பாவை சேவித்துவிட்டு வருவாள்.

அந்த மார்கழியில் விளக்கு நிற்காமல் போயிற்று. ஏற்றிவைத்துத் திரும்புவதற்குள் சுடர் சுருங்கிப் போய்விடும். திரியை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், அகலையே மாற்றினாள். அணைந்தது என்ற சொல் அக்கா வாயில் வராது. "விளக்கு மலையேறிடறது" என்றுதான் அத்திம்பேரிடம் சொல்லியிருக்கிறாள். சிலிண்டரிலிருந்து வரும் குழாய் எங்கோ கசிகிறது, அந்த வாயு கனமானது, தரையில் தேங்கும், தேங்கிய இடத்தில் சுடர் நிற்காது. இதெல்லாம் பந்தி பந்தியாகப் பிரசங்கம் செய்தவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே, அவள் மனசில் ஏதோ குறை இருப்பதாகவும் இன்னும் சிரத்தையாகச் சேவிக்கவேண்டும் என்றும் சொன்னார். அக்கா ஒரு பொழுது சாப்பாட்டை விட்டாள். பட்டினி வயிற்றோடு அதே தரையில் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தாள். தலைவலி வந்தது. அதையும் அபசாரத்துக்குத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டாள். வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு இது போனில்தான் தெரியவந்தது. அழுதுகொண்டே சொன்னாள், விளக்கு நிற்கமாட்டேன் என்கிறது, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. தனக்குத் தலை சுற்றுவதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் இருப்பது ஆற்றுக்கு இக்கரையில், கைலாசபுரம் குவார்ட்டர்ஸில், வேலை அங்கேயே தொழிற்சாலையில். மூடிய கொள்கலத்துக்குள் ஆளை இறக்குவதற்கு முன் உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்களுக்கு முதல் பாடம். விளக்கு நிற்காத இடத்தில் மனுஷி மட்டும் நிற்பாளா? அந்த அறைக்குள் போகாதே என்று கத்தினேன். அந்தி வந்தாயிற்று, இன்று ஒரு நாள் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். பைக்கை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டினேன்.

கூடத்தில் அத்திம்பேர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அக்கா எங்கே என்றதற்குப் பின்கட்டைக் கைகாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அகலுக்குப் பக்கத்தில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள், கையில் தீக்குச்சி. இழுத்து வெளியே போட்டேன். திரும்பிப் போய்த் திரையைத் தள்ளி ஜன்னலில் இருந்த தெர்மோகோலைப் பிய்த்தேன். இமயமலைத் துளசியின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. கஞ்சாச்செடி, பூவும் பிசினுமாக என் இடுப்பளவு நின்றது. பின்னாலேயே வந்த அத்திம்பேர் தரையில் கிடந்தவளைத் தாண்டி, தாண்டித்தான், வாசலில் நின்று சொன்னார்.

"கதவைச் சாத்துப்பா. வெளிக்காத்து வந்தா ஈரம் ஏறிடும், பூவெல்லாம் பூஞ்சை கட்டிடும்."

நான் இதுவரை கேட்ட மனிதப் பேச்சில் இதைவிடக் கேவலமான ஒன்று இல்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நினைவு திரும்பியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, கசிவு, செடி, அவருக்கு எல்லாம் தெரியும் என்பது.

"அப்போ பெருமாள் என்னைக் கோவிச்சுக்கலையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

போலீஸுக்குச் சொன்னது நான்தான். குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டேன் என்று உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். அவர் கையால் துளசி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே கூட்டம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒருவராவது கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் அவர்களைப் பற்றி மரியாதையாக ஒரு வரி எழுதியிருப்பேன்.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து நான் என்னோடு கூட்டிவந்துவிட்டேன். ஜாமீனில் வந்த அத்திம்பேர் ஒரு சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு கேட்க என்று நினைத்துவிடாதீர்கள். சமையலுக்கு ஆள் இல்லை, ஆத்துக்கு வா, அந்த அறையைக் காலி பண்ணியாச்சு என்றார். அக்கா பால்கனியில் துளசித் தொட்டியடியில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தாள். சுடரைக் கையால் மறைத்தபடியே, திரும்பாமல் சொன்னாள்.

"விளக்கு நிக்கற எடத்துலதான் நான் இருப்பேன். நீங்க போய்ட்டு வாங்கோ."

போனார். மூலிகை ஆராய்ச்சி இப்போது மெஸ் சாப்பாட்டில் நடக்கிறதாம்.

நேற்று வடாம் காய்ந்து எடுத்தாயிற்று. கருவி பால்கனிச் சுவரில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. அந்தியில் அக்கா விளக்கேற்றிவிட்டுச் சேவித்துக்கொண்டிருந்தபோது சுடர் பட்டென்று போய்விட்டது. நாற்காலியை உதைத்துவிட்டு நான் எழுந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொடியில் கிடந்த துணியெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது.

"காத்துடா," என்றாள். "வெறும் காத்து."

இன்னொரு குச்சியைக் கிழித்தாள்.