எகிப்துக்கு முன் ஒரு தேதி

கல்யாணமான புதிதில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில் நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைக் காட்டி, "உன்னை எகிப்து கூட்டிட்டுப் போறேன்" என்பார், சரித்திர ஆசிரியரான என் கணவர். அவர் ஓய்வு பெற்றதும், அங்கே வெயில் தணிந்திருக்கும் ஐப்பசியில் கிளம்ப முடிவு செய்தோம்.

டிக்கெட் எடுக்கப் போனபோது டிராவல்ஸ் பெண் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். "சார், நாலு மாசம்தான் வேலிடிட்டி இருக்கு. ஆறு மாசம் இல்லன்னா விசா கிடைக்காது."

அவர் முகம் வாடிவிட்டது. "நீ உன் தங்கச்சியோட போய்ட்டு வா."

"உங்ககூடப் போகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்" என்றேன்.

புதுப்பித்துக்கொண்டு கார்த்திகையில் போனோம். பிரமிடு முன்னால் நின்று எனக்குப் பாடமே நடத்தினார்.

இப்போதெல்லாம் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துவிடுகிறேன். அவருடையது இன்னும் ஒன்பது வருடம் செல்லும், அடுத்து கிரீஸ்.