புதுச்சத்திரத்தில் நாற்பது நிமிடம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு காலையில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் இது நடந்தது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என்னிடம் ஒரு சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசி எஞ்சின். நான்தான் முதல் ஓனர். பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பே ஆயில் மாற்றிவிடுவேன். ஏர் ஃபில்டரை நானே கழற்றித் தட்டி மாட்டுவேன். எந்த மாதம் ஸ்பார்க் பிளக் மாற்றினேன், கூலண்ட் எத்தனை லிட்டர் பிடித்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரு டைரி உண்டு. ஆபீஸில் யார் கார் வாங்குவதென்றாலும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

நாமக்கல்லில் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், ஒரு கோழித்தீவன மில்லில் ஃபோர்மேனாக இருந்தார். நுரையீரலில் கோளாறு என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பத்து நாளாக அக்கா அந்த வராண்டாவை விட்டு நகரவில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. மச்சானுக்குக் கொஞ்சம் தேவலை என்று டாக்டர் சொன்னதும், நான்தான் வற்புறுத்தி அக்காவை சேலத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்கட்டும் என்று நினைத்தேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் அப்பாவுக்குத் துணையாக இருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அப்பாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க மாமா."

ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மல்லூர் தாண்டி, ராசிபுரம் பிரிவும் தாண்டி, புதுச்சத்திரம் கிட்டப் போகும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம் போட்ட விளக்கு. ஆயில் ப்ரஷர் இல்லை என்று அதற்கு அர்த்தம். அது எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே எல்லாம் உராய்ந்து எஞ்சினே இறுகிவிடும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓரங்கட்டி நிறுத்தினேன்.

பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோடு வரைக்கும் இருந்தது. கீழே குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வண்டி நிற்கிறவரைக்கும் எஞ்சின் சத்தத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. ஆயில் பம்ப் போயிருக்குமோ என்று பயந்தேன். சேலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "ஸ்டார்ட் பண்ணாதீங்க, அந்தப் பக்கம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், பத்து நிமிஷத்துல அனுப்புறேன்" என்றார்.

அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பஸ்ஸு ஏறிப் போயிரலாமா சாமி?"

"பத்து நிமிஷம்தான்க்கா. ஆள் வந்துட்டே இருக்கான்."

கொஞ்ச நேரத்தில் முட்டை அட்டைகள் அடுக்கிய ஒரு மினிவேன் எங்களைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. வெள்ளைத் தொப்பி போட்டிருந்த வயசான பாய் ஒருவர் டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா? நாமக்கல்லுக்குத்தான் போறேன். ஏறிக்கறீங்களா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீயும் வாறியா?" என்று கேட்டாள். தெரியாத ஆளோடு தனியாகப் போக அவளுக்குத் தயக்கம். நானும் வந்தால் ஏறிவிடுவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் காரைப் பார்த்தேன். ஹைவேயில் அதை அப்படியே போட்டுவிட்டுப் போவதா? மெக்கானிக் வந்து ஆளில்லாமல் திரும்பிவிட்டால்? அதோடு, நான் இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் எஞ்சினில் என்னதான் கெட்டது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

"இல்லீங்க பாய், ஆள் வந்துட்டிருக்காங்க. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்த வேன் கண்ணை விட்டு மறையும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிடம் என்றது நாற்பது நிமிடம் ஆனது. வந்தவன் எஞ்சின் பக்கவாட்டில் விரல் அளவிலிருந்த, அந்த விளக்கை எரிய வைக்கிற ஸ்விட்சைக் கழற்றினான். அந்த ஓட்டையில் துணியை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னான். திருப்பியதும் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து துணி முழுக்க நனைந்தது.

"ப்ரஷர் ஜம்முன்னு இருக்குதுங்கண்ணா. ஸ்விட்ச்தான் அவுட்டு. தப்பா காமிச்சிருக்கு. நீங்க ஓட்டிக்கிட்டே போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

பழைய ஸ்விட்சையே திரும்ப மாட்டிக் கொடுத்தான். அந்தச் சிவப்பு விளக்கு எரிய எரியவே நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இப்பத்தான்ம்மா" என்றாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் மச்சான் போய்விட்டிருந்தார். கடைசிவரைக்கும் நினைவு இருந்ததாம். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். "வண்டி நடுவழியில நின்னுட்டா நீ என்ன பண்ணுவே" என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கருமாதி அன்று மச்சானின் அண்ணன் எல்லோர் முன்னாலும் அக்காவிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, அந்த ரோட்டுல ஒரு வண்டிகூடவா கெடைக்கல?"

அக்கா நிமிராமலே பதில் சொன்னாள்.

"கெடைக்கலீங்க."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு அழுவதற்குக்கூட இடமில்லாமல் போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "அக்கா, அன்னிக்கு அந்த பாயோட வேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ரசம் ஆறுது, ஊத்திக்க" என்றாள்.

இப்போதும் என்னிடம் பாசமாகத்தான் இருக்கிறாள். சேலத்துக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குகிறாள். ஆனால் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றால்கூட, "ஆட்டோல போய்க்கறேன் சாமி" என்று கிளம்பிவிடுகிறாள்.

அந்த ஸ்விட்சை மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எஞ்சின் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. டைரி எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். யாராவது கார் பற்றி யோசனை கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள் என்று இப்போதும் சொல்கிறேன். நிறுத்திவிட்டு, அவசரம் என்றால் கதவைப் பூட்டிவிட்டு, வருகிற வண்டியில் ஏறிப் போய்விடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு எஞ்சினை நிறுத்தியது தப்பில்லை, அதை விட்டுவிட்டு அக்காவோடு போகாததுதான் தப்பு என்று அவளிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை நாமக்கல் போகும்போதும் நினைக்கிறேன், ஒவ்வொரு முறையும் சொல்லாமலே திரும்பி வருகிறேன்.